முழங்கால் தண்ணீர்

குடவாசல் பக்கம், கீழத்தெரு
15-2-1973

அன்பு மகள் அம்சவல்லிக்கு அப்பா முருகையன் எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளை செல்லதுரையும் பேத்தி தங்கமும் அந்த ஊட்டிக் குளிரில் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும். இங்கே நான் சுகம் என்று எழுத வேண்டிய இடத்தில் பாதிச் சுகம் என்று எழுதிக்கொள்கிறேன், மீதிப் பாதி எங்கே போனது என்று உனக்கே தெரியும். உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொண்டிருப்பாய். மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்துப் போட்டேன். நாற்பது வயதுக்கு மேல் சங்கத்துக் கொட்டகையில் கற்ற எழுத்து, கொம்பும் காலும் அங்கங்கே கழன்றிருக்கும், அதற்காகக் கிழிக்கவில்லை. ஏன் என்று போகப் போகத் தெரிந்துகொள்வாய். இதைத் தனியாக உட்கார்ந்து படி, பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டுப் படி.

ஊர் விசேஷம் கொஞ்சம் எழுதுகிறேன். சம்பா அறுவடை முடிந்தது. பண்ணை இந்த வருஷமும் வெளியூர் ஆளை லாரியில் இறக்கித்தான் அறுத்தது, போலீஸ் வரப்பில் நின்றது, நம் தெருக்காரர்கள் மறித்தார்கள், நாலு பேர் மண்டை உடைந்தது, கடைசியில் பாதி ஆள் நம் தெரு பாதி ஆள் வெளியூர் என்று பேசி முடித்தார்கள். கூலி என்னவோ சட்டத்தில் எழுதியிருக்கிறது, களத்தில் அளக்கிற மரக்காலுக்கு இன்னும் படிக்கத் தெரியவில்லை. நம் தெரு முனையில் செங்கொடியும் கறுப்பு சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் பறக்கிறது, ஒரு கொடிக்கம்பத்தில் கட்டின ஆட்டை அடுத்த கொடிக்காரன் அவிழ்த்துவிட்டான் என்று போன வாரம் ஒரு சண்டை. இன்னொன்று, குடியிருப்பு மனைக்குப் பட்டா வந்துவிட்டது. நம் குடிசை நிற்கிற இடம் இனி நம்முடையது, பண்ணை காலி பண்ணு என்று சொல்ல முடியாது. கணக்கெடுக்க வந்த சமயம் நான் அடிதடி கேசில் உள்ளே இருந்தேன் அல்லவா, அதனால் உன் அம்மா பேரில்தான் எழுதியிருக்கிறார்கள். தாலுகா ஆபீஸ் ஆள் தெருவில் நின்று ராமாயி, முருகையன் பெண்சாதி ராமாயி என்று இரண்டு முறை கூப்பிட்டான். நான் போய் ரேகை வைக்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை தோட்ட வேலையை விட்டுவிட்டு ஏரிப் பக்கம் வருகிற ஜனங்களைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டலாம் என்று நினைக்கிறார், நல்ல யோசனைதான். ரேஸில் ஓடின குதிரை ஒன்று கழித்துக்கட்டுகிறார்கள், வெள்ளை வெளேர் என்று இருக்கிறது, நாலு வயதுதான், உயரமான உயரம், பாப்பாகூடத் தொட்டுப் பார்த்தாள் என்று எழுதியிருக்கிறாய். அப்பா, உங்களுக்குத்தான் குதிரை பார்க்கத் தெரியும், நம்ம சிவப்பியைப் பார்த்துப் பிடிச்ச மாதிரி இதுக்கும் என்ன பார்க்கணும்னு எழுதுங்க, நீங்க சரின்னா நாங்க வாங்கிடுறோம் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்துக்கு வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன் மகளே.

முதலில் கேட்டதற்குப் பதில். அந்த வெள்ளையை வாங்காதீர்கள். மாப்பிள்ளைக்கு மனம் வாடும், வாடட்டும். ரேஸில் ஓடின குதிரைக்கு ஓடத்தான் தெரியும், யாரோ ஒரு டவுன் பெண் மேலே உட்கார்ந்து வீல் என்று கத்தினால் அது பந்தயம் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். நீங்களும் குதிரைக்குப் புதுசு, குதிரையும் இந்த வேலைக்குப் புதுசு என்றால் யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது? பத்து வயது பன்னிரண்டு வயது ஆன, பஸ்ஸும் நாயும் குடையும் பிள்ளைகளும் பார்த்துச் சலித்துப்போன ஒரு மட்டக்குதிரையாகப் பாருங்கள். அழகாக இருக்காது. பரவாயில்லை, மாப்பிள்ளை அதைக் கல்யாணமா கட்டப்போகிறார்? குடவாசலில் ஜட்கா ஓட்டுகிற அல்லா பிச்சை பாய், உனக்குத் தெரியுமே, நீ பள்ளிக்கூடம் போகும்போது சும்மா ஏற்றிக்கொண்டு போவாரே, அவரிடமும் கேட்டு எழுதுகிறேன். வருவதாகச் சொல்லிவிட்டுப் போகாதே, சொல்லாமல் ஒரு காலையில் போய் நில் என்கிறார், சொல்லிவிட்டுப் போனால் அதை முன்னாடியே ஓட்டிக் களைக்க வைத்துச் சாது மாதிரி நிறுத்தியிருப்பார்களாம். விற்கிறவன் முதலில் ஏறிக் காட்டட்டும், அவன் ஏறப் பயந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார், தூக்க விடுகிறதா என்று பார், குளம்புக்கு மேலே கையை வைத்துச் சூடு இருக்கிறதா பார். கெட்டித் தரையில் நடக்கவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்க வேண்டும், நாலு காலும் ஒரே மாதிரி விழ வேண்டும். உங்கள் மலையில் இறக்கம் அதிகம், அதனால் இறக்கத்தில் நடத்திப் பார். ஏன் விற்கிறாய் என்று கேள், பதில் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் குதிரை முகத்தைப் பார் என்கிறார் பாய், அது அவருடைய வேடிக்கை.

இவ்வளவும் அவர் சொன்னது. நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் மூன்று கடிதம் கிழிந்தது.

நான் சிவப்பியை எப்படி வாங்கினேன் என்று உனக்குப் பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறேன். நிஜத்தைக் கேள். பண்ணை எங்களை வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்று ஆன பிறகு ஜட்கா ஓட்டலாம் என்று முடிவு செய்தோம். பாயிடம் பழைய வண்டி கிடைத்தது. குதிரை பார்க்க அவர், நான் கூட வர்றேண்ணே, காய்ச்சல் விடட்டும், ஒரு வாரம் பொறுங்க என்றார். நான் பொறுப்பேனா? இந்த வட்டாரத்தில் மாடு பிடிக்கப் போகிறவன் யாராக இருந்தாலும் முருகையனைக் கூட்டிக்கொண்டுதான் போவான், பண்ணையே என்னைத்தான் அனுப்பும். அந்தத் திமிர். மாட்டைப் பார்க்கிறவனுக்குக் குதிரை என்ன பெரிய இது என்று புதுக்கோட்டைச் சீமைக்குத் தனியாகப் போனேன். வாயைத் திறந்து பல் பார்த்தால் மேல் வரிசையிலும் முன்பல் இருக்கிறது. மாட்டுக்கு மேலே முன்பல் ஏது? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஆனாலும் தெரிந்தவன் மாதிரி ம், ம் என்று தலையை ஆட்டிக்கொண்டேன். சுழி பார்த்தேன், சுத்தமாக இருந்தது. வால் பார்த்தேன், திமில் இருக்கும் இடத்தைக்கூடத் தடவிப் பார்த்தேன், விற்ற கிழவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் நல்ல மனிதர், ஒன்றையும் மறைக்கவில்லை. எங்க பக்கம் கண்மாய் வறண்டு நாலு வருசம் ஆச்சுங்க, இது பொறந்ததுலேருந்து தண்ணி கட்டி நின்னு பாத்ததில்ல, புல்லு இல்லாமத்தான் விக்கிறேன் என்றார். நான் சிரித்துக்கொண்டே, எங்க ஊருக்கு வரட்டும் பெரியவரே, தண்ணியில மெதக்கட்டும் என்றேன். இந்தச் சொல்லை நான் சொன்னேன், இந்த வாயால் சொன்னேன்.

மாடு வாங்குகிறவன் எவனும் அதைத் தண்ணீரில் இறக்கிப் பார்ப்பதில்லை. நம் ஊர் மாடு சேற்றில் பிறந்து சேற்றில் வளர்கிறது, மனிதனுக்கு முன்னால் அது ஆற்றில் இறங்கும். தண்ணீருக்குப் பயப்படுகிற ஒரு ஜீவன் உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் பிடித்துக்கொண்டு வந்தது பங்குனியில், ஆறெல்லாம் மணல். உன் அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒரு குதிரைய வாங்கிட்டு வரச் சொன்னா கழுதைக்கு அக்காவ ஓட்டிக்கிட்டு வந்திருக்கீங்க என்றாள். மறுநாளே சிவப்பி என்று பேர் வைத்து, பழைய புடவைத் தலைப்பைக் கிழித்துக் கழுத்தில் கட்டிவிட்டாள். அவள் புல் கூடையோடு வருகிற சத்தம் கேட்டால் அது கனைக்கும், நான் வந்தால் காதைக்கூடத் திருப்பாது. ஆடியில் தண்ணீர் வந்த பிறகு பார்த்தோம், சாலையில் குட்டை இருந்தால் ஒதுங்கிப் போகும். மகாராணி காலை நனைக்க மாட்டா என்று அவள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். நாங்கள் சிரித்தது எதற்கு என்று எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

இனி அந்தக் கார்த்திகை மாதத்துக்கு வருகிறேன். உனக்கு நான் சொன்னது என்ன? புல் அறுக்கப் போன இடத்தில் நல்ல பாம்பு தீண்டியது, வண்டி கட்டி நேரத்தோடு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம், அங்கே மருந்து இல்லை என்று கைவிட்டார்கள். நீயும் மாரில் அடித்துக்கொண்டு அந்த டாக்டரைச் சாபம் விட்டாய். அம்மா, அந்தச் சாபத்தைத் திரும்ப எடுத்துக்கொள். அந்த மனிதர் மேல் ஒரு குற்றமும் கிடையாது. பாம்பு கடித்தது மட்டும்தான் நான் சொன்னதில் உண்மை.

பண்ணை வரப்பில் நம் தெருப் பெண்கள் யாரும் புல் அறுக்கக்கூடாது என்று கூலித் தகராறு வந்ததிலிருந்து தடை போட்டிருந்தார்கள், அதனால் அவள் சோழசூடாமணி ஆற்றங்கரை நாணல் காடு வரைக்கும் போவாள். அன்றைக்கு மூன்று நாள் மழை விட்டுக் காலையில் லேசாக வெயில் வந்தது. பத்து மணி இருக்கும், அவளே நடந்து வந்து, எதுவோ புடுங்கிடுச்சுங்க என்று காலில் பல் பட்ட இடத்தைக் காட்டினாள். கட்டுப் போட்டு வண்டியில் படுக்க வைத்தேன். பண்ணையின் களத்து வழியாகப் போனால் மேட்டுப்பாதை, நனையாமல் மெயின் ரோட்டில் ஏறிவிடலாம், ஆனால் கேட் பூட்டியிருக்கும், அங்கே போய்க் கும்பிட்டு நிற்க வேண்டும். எனக்கு ஒரு நிமிஷம் அந்த எண்ணம் வந்தது. உன் அம்மா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, அங்க போயி நிக்காதீங்க, நம்ம வண்டி இருக்கு, நம்ம சிவப்பி இருக்கு என்றாள். நானும் அதைத்தான் நினைத்தேன். அந்தக் கேட்டில் இனி நிற்கக்கூடாது என்றுதானே அவள் தோட்டை விற்றுக் குதிரை வாங்கினோம். மதகடிப் பள்ளத்துக்கு வந்தோம். ரோட்டின் மேலே தண்ணீர் ஓடுகிறது. முழங்கால் அளவு. நீ சின்னதில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மீன் பிடிப்பாயே, அந்த அளவு. சிவப்பி நின்றுவிட்டது.

இழுத்தேன். தட்டிக் கொடுத்தேன். கண்ணைத் துண்டால் கட்டினேன், சத்தத்தைக் கேட்டு இன்னும் பின்னால் போயிற்று, வண்டிச் சக்கரம் சரிவில் இறங்கி உன் அம்மா உருண்டாள். பிறகு சாட்டையை எடுத்தேன். என் வாழ்க்கையில் ஒரு மாட்டை அப்படி அடித்ததில்லை. அதன் தோல் பிய்ந்து ரத்தம் வந்தது, உடம்பெல்லாம் நடுங்குகிறது, ஒரு காலைத் தூக்கித் தண்ணீரில் வைக்காமல் நிற்கிறது. அவளுக்கு அப்போதே கண் சொருகத் தொடங்கிவிட்டது, நாக்கு குழறுகிறது. அந்தக் குழறலில், அடிக்காதீங்க, அதுக்குப் பயமா இருக்கு என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அரை மணி நேரம் அந்தப் பள்ளத்தில் போயிற்று மகளே. பிறகுதான் எனக்குப் புத்தி வந்து தெருவுக்கு ஓடி, ஆட்களைக் கூட்டி, கயிற்றுக் கட்டிலில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினோம். ரைஸ் மில் தாண்டும்போது கட்டில் கனத்தது. முன்னால் தூக்கினவன் திரும்பிப் பார்த்தான், நான் நட, நட என்றேன். டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக்கூடாதா என்று என்னைத்தான் கேட்டார். மருந்து அவர் மேஜை மேலேயே இருந்தது.

வெள்ளத்தில் பஸ் நின்று நீ நாலாம் நாள்தான் வந்து சேர்ந்தாய். முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. வந்ததும் கொல்லைப்புறம் போய்ச் சிவப்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அம்மா வளத்த குதிரைப்பா, இத எந்தக் காலத்திலயும் வித்துடாதீங்க என்று அழுதாய். அதன் முதுகில் இருந்த காயத்தைப் பார்த்து முள் கீறிவிட்டதா என்று கேட்டாய், நான் ஆமாம் என்றேன். தெருவில் ஒருவரும் உன்னிடம் வாய் திறக்கவில்லை, நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். உன் அம்மாவைக் கொன்றது பாம்பு என்று மற்றவர்கள் சொல்கிறார்கள், குதிரை என்று சிலர் சொல்கிறார்கள். குதிரை என்ன செய்யும்? அதற்குத் தெரியாததைத் தெரியாது என்று நின்றது. எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று நான்தான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நீ ஊருக்குப் போன மறுநாள் காலையில் அதைப் பள்ளத்துக்கு ஓட்டிப் போனேன். சாட்டையும் கொண்டு போனேன். இன்றைக்கு இது இறங்குகிறது, அல்லது நான் இதை ஒரேயடியாக அடித்துத் தீர்க்கிறேன் என்று போனேன். தண்ணீர் அப்போது கணுக்கால்தான். அது நின்று நடுங்கியது, சாட்டையைத் தூக்கினேன், உன் அம்மாவின் குரல்தான் கேட்டது. கை இறங்கிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், அதுவும் என் பக்கத்தில் நின்றது. வீட்டுக்கு வந்து அவளுடைய புல் கூடையை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். கூடையில் புல்லை நிரப்பிக்கொண்டு நானே தண்ணீரில் இறங்கி நின்றேன். முதல் நாள் கழுத்தை மட்டும் நீட்டியது. மூன்றாம் நாள் ஒரு குளம்பை வைத்து எடுத்தது. அதன் பிறகு ஆற்றில் தண்ணீர் ஏறியது, பள்ளத்திலும் ஏறியது, முழங்காலுக்கு வந்தது. நான் முன்னால், கூடையோடு, பின்பக்கமாக நடப்பேன், அது என்னைப் பார்த்துக்கொண்டே வரும். பதினோராம் நாள் அக்கரைக்கு வந்து கூடையில் முகத்தை விட்டுப் புல் தின்றது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பங்குனியிலிருந்து கார்த்திகை வரை எட்டு மாதம் என் கையில் இருந்தது, எட்டு மாதமும் சிரித்துக்கொண்டிருந்தேன். தேவைப்பட்டது பதினோரு நாள்தான் அம்மா.

அதனால்தான் சொல்கிறேன். எந்தக் குதிரையாக இருந்தாலும், உங்கள் வாழ்க்கையில் அது என்னத்தையெல்லாம் தாண்ட வேண்டுமோ அதையெல்லாம் வாங்கும் முன்பே தாண்ட வைத்துப் பார். உங்கள் ஊரில் பனி மூட்டம், ஏரித் தண்ணீர், ஓடை, லாரி ஹாரன், என்ன இருக்கிறது என்று நீதான் யோசிக்க வேண்டும், எனக்கு உங்கள் மலை தெரியாது, தெரிந்த மாதிரி இனி சொல்லமாட்டேன். மாப்பிள்ளையைவிட அந்த ஊரில் குதிரை தெரிந்தவர் யாராவது இருப்பார், அவருக்குக் காய்ச்சல் என்றால் காய்ச்சல் விடும் வரைக்கும் காத்திருங்கள். எதற்காவது அது பயந்தால் அடிக்கக்கூடாது, முன்னால் இறங்கி நடந்து காட்டு. பாப்பாவை அதன் பின்பக்கம் நிற்க விடாதே. கொள்ளுப் பயறை ஊறவைத்துக் கொடு, ஓடிவந்த சூட்டோடு பச்சைத் தண்ணீர் காட்டாதே.

இதைப் படித்த பிறகு எனக்குக் கடிதம் போட உனக்குக் கை வராமல் போகலாம். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் குதிரை வாங்கினீர்களா, எந்தக் குதிரை என்று மட்டும் மாப்பிள்ளையை ஒரு கார்டு போடச் சொல். அந்த வெள்ளை இல்லை என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். பட்டாவை உன் பேருக்கு எழுதி வைக்கலாம் என்று இருக்கிறேன், நீ வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

மேட்டூர் அணையை மூடிவிட்டார்கள், பள்ளம் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. ஆனாலும் சிவப்பி அந்த இடம் வந்ததும் வண்டியோடு நின்றுவிடுகிறது. பயத்தில் இல்லை, நான் இறங்கி முன்னால் நடக்க வேண்டும் என்று நிற்கிறது. வண்டியில் இருக்கிறவர்கள், தண்ணியே இல்லாத எடத்துல என்னாய்யா இறங்குறே என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் ஒவ்வொரு நடையும் இறங்கி, உன் அம்மாவின் கூடையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அந்த இருபதடி தூரத்தை முன்னால் நடந்து காட்டுகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நூறு வயது நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். தங்கத்துக்கு என் முத்தம். கார்டு போட மறக்க வேண்டாம்.

உன்னிடம் பொய் சொன்ன அப்பா,
முருகையன்